பெரிய படம், ரீமேக், வசூல்: கொங்கு நாட்டு ரசிகனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் நாளே வசூல் சாதனை என்று அறிவிக்கிறார்கள். அதை வைத்துப் படம் வெற்றி என்று சொல்லிவிடலாமா?

சொல்லக் கூடாது. முதல் நாள் வருவது நடிகருக்கான கூட்டம். படத்துக்கான கூட்டம் எவ்வளவு என்பது திங்கட்கிழமைதான் தெரியும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாட்களும் பெரும்பாலும் முன்பதிவிலேயே நிரம்பிவிடுகின்றன. டிக்கெட் எடுத்தவர்களில் ஒருவர்கூட அதுவரை படத்தைப் பார்த்திருக்கவில்லை. அந்த வசூலில் படத்தின் தரத்துக்கு என்ன பங்கு இருக்க முடியும்?

எங்கள் பக்கத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம். கையில் பணம் இருக்கும், மறுநாள் விடுமுறை. சுமாரான படத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை அரங்கு நிரம்பும். அதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. திங்கட்கிழமை மாலை வேலை முடிந்து வீடு திரும்பியவர், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி கிளம்பி வருகிறாரா என்று பாருங்கள். அப்படிப் பாதி அரங்கு நிரம்பினாலே அந்தப் படம் இரண்டாவது வாரத்தைத் தாண்டும். மாலைக் காட்சியில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் மூன்றாவது வாரம் உண்டா என்பதும் தெரிந்துவிடும்.

100 கோடி வசூல் என்றால் தயாரிப்பாளர் கைக்கு 100 கோடி வந்துவிட்டதா?

இல்லை. பாதிகூட வருவதில்லை. சுவரொட்டியில் போடுவது மொத்த வசூல், அதாவது மக்கள் டிக்கெட்டுக்குக் கொடுத்த முழுத் தொகை. 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 100 கோடியும் அப்படிப்பட்ட டிக்கெட்டுகளில் வந்தது என்று வைத்துக்கொண்டால், ஜிஎஸ்டி மட்டும் 15 கோடிக்கு மேல். அதன் பிறகு உள்ளாட்சி அமைப்புகளுக்கான கேளிக்கை வரி. மிஞ்சுவதைத் திரையரங்கும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்கிறார்கள். பெரிய நடிகரின் படம் என்றால் முதல் வாரத்தில் விநியோகஸ்தருக்குப் பெரும்பங்கு போகும். வாரம் ஏற ஏறத் திரையரங்கின் பங்கு கூடும். இத்தனையும் போய், விநியோகஸ்தரின் கமிஷனும் கழிந்து நிற்பதுதான் தயாரிப்பாளருக்கு உரிய பங்குத்தொகை.

அதனால்தான் முதல் வாரத்தோடு படுத்துவிடும் படங்களால் திரையரங்குக்காரர்கள் நொந்துபோகிறார்கள். கூட்டம் வருகிற வாரத்தில் அவர்களுக்குப் பங்கு குறைவு, பங்கு கூடுகிற வாரத்தில் கூட்டம் இல்லை. மினிமம் கியாரண்டி முறையில் முன்பணம் கட்டிப் படத்தைத் திரையிட வாங்கிய அரங்குக்காரர் என்றால் நிலைமை இன்னும் மோசம். படம் ஓடாவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. கோடிக் கணக்கைப் பேசுகிற நாம், தாராபுரத்திலோ கோபிசெட்டிபாளையத்திலோ ஒற்றைத் திரை நடத்துபவரின் கணக்கையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. சிறு நகர அரங்குகளுக்கு இது உண்மையான ஆறுதல். குடும்பத்தோடு வருபவர்களுக்காக 100 ரூபாய்க்குள் டிக்கெட் வைக்க இனி அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது.

‘கோவை ஏரியா’ என்கிறார்களே, அது எந்தெந்த ஊர்கள்?

விநியோகக் கணக்கில் கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டங்கள் சேர்ந்தது கோவை ஏரியா. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி சேர்ந்து சேலம் ஏரியா. வணிகர்கள் இப்படி இரண்டாகப் பிரித்துவைத்திருந்தாலும் கொங்கு நாட்டு ரசனை பெரும்பாலும் ஒன்றுதான்.

தீபாவளிப் படம், பொங்கல் படம் இரண்டில் உங்கள் பக்கம் எதற்கு மதிப்பு அதிகம்?

என் வாக்கு பொங்கலுக்குத்தான். தீபாவளி நாளில் திருப்பூரை வந்து பாருங்கள். போனஸ் வாங்கிய தொழிலாளர்கள் தென் மாவட்டங்களுக்கும் வட மாநிலங்களுக்கும் புறப்பட்டுப் போயிருப்பார்கள், தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும். படத்துக்கு வரவேண்டிய கூட்டத்தில் பெரும்பகுதி அப்போது பஸ்ஸிலோ ரயிலிலோ இருக்கிறது. பொங்கலுக்கும் ஊருக்குப் போகிறவர்கள் உண்டு. ஆனால் பொங்கல் கொங்குக் கிராமங்களின் சொந்த நோம்பி, அதாவது சொந்தப் பண்டிகை. பட்டிப் பொங்கல் முடிந்த கையோடு, வந்த உறவினர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு வண்டி நிறையக் கிளம்பிப் பொள்ளாச்சிக்கோ உடுமலைக்கோ படம் பார்க்கப் போகும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

ஒரே நாளில் இரண்டு பெரிய படங்கள் வந்தால் ஒன்று அழிந்துவிடும் என்ற பயமும் தேவையில்லை. 2019 ஜனவரி 10 அன்று ‘பேட்ட’, ‘விஸ்வாசம்’ இரண்டும் வந்தன. 2023 ஜனவரி 11 அன்று ‘வாரிசு’, ‘துணிவு’ இரண்டும் வந்தன. நான்குமே கூட்டத்தை இழுத்தவை. விடுமுறை நீளமாக இருந்தால் ஒரே குடும்பம் இரண்டையும் பார்க்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் பிரச்சினை. பிளஸ் டூ தேர்வு நெருங்கிவிட்டால் பிள்ளை இருக்கிற வீட்டில் தொலைக்காட்சியே ஓடாது, திரையரங்குக்கு எங்கே போவது?

அதிகாலைக் காட்சிக்காகக் கோவையிலிருந்து பாலக்காட்டுக்குப் போகிறார்களே, அது அவசியமா?

அவசியம் இல்லை. ஆனால் ஏன் போகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. 2023 அக்டோபரில் ‘லியோ’ வந்தபோது தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்கு. கேரளத்தில் அதிகாலை 4 மணிக்கே தொடங்கிவிட்டது. எல்லையில் இருக்கும் வாளையாறைத் தாண்டினால் பாலக்காடு. நள்ளிரவில் கிளம்பிப் படத்தைப் பார்த்துவிட்டு, இங்கே முதல் காட்சி தொடங்கும்போது ஊருக்கே வந்துவிடலாம். ரசிகனின் ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தூக்கக் கலக்கத்தோடு இரு சக்கர வாகனத்தில் அந்த நெடுஞ்சாலையில் போகாதீர்கள். நான்கைந்து பேராகக் காரில் போங்கள், ஓட்டுபவர் முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கியிருக்கட்டும்.

ரீமேக் என்றாலே பலர் முகம் சுளிக்கிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் ஆதரிக்கிறீர்கள்?

ரீமேக் கலையில் இந்தியாவுக்கே வழிகாட்டியது எங்கள் ஊர் என்பதால் ஆதரிக்கிறேன். கோவை புலியகுளத்தில் பட்சிராஜா ஸ்டூடியோ இருந்தது. அதன் உரிமையாளர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு 1954-இல் ‘மலைக்கள்ளன்’ எடுத்தார். கதை நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நாவல், வசனம் மு. கருணாநிதி, நாயகன் எம்.ஜி.ஆர்., நாயகி பானுமதி. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் அது.

நாயுடு அதோடு நிற்கவில்லை. அதே கதையைத் தெலுங்கில் என்.டி. ராமாராவை வைத்து ‘அக்கி ராமுடு’ என்றும், இந்தியில் திலீப் குமாரையும் மீனா குமாரியையும் வைத்து ‘ஆசாத்’ என்றும் எடுத்தார். மலையாளத்தில் சத்யன் நடிக்க ‘தஸ்கரவீரன்’, கன்னடத்தில் ‘பெட்டத கள்ள’. கதை சிங்களத்துக்கும் போனது. 1954-க்கும் 1957-க்கும் இடையில், மூன்றே ஆண்டுகளில், இத்தனையும் நடந்து முடிந்தது. நாமக்கல்காரர் எழுதிய கதை கோவையிலிருந்து இத்தனை மொழிகளுக்குப் போனதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. பான் இந்தியா என்று இன்று புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பேசுகிறார்கள். இந்த வரலாற்றைக் கோவையில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பேன்.

சேலத்தையும் விட முடியாது. டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ்தான் மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ படத்தை 1938-இல் தயாரித்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் அங்கிருந்துதான் வந்தது. கதை ஒரு மொழியில் பிறந்தால் அங்கேயே கிடக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

அப்படியானால் எல்லா ரீமேக்கும் ஓட வேண்டுமே? எது தேறும், எது தேறாது?

புதிய மண்ணில் வேர் பிடிக்கிற ரீமேக் தேறும், பிடிக்காதது பட்டுப்போகும். நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ‘சந்திரமுகி’. 1993-இல் வந்த மலையாள மூலமான ‘மணிச்சித்ரதாழ்’ படத்தில் ஆவியாக நினைக்கப்படுபவள் தஞ்சாவூரிலிருந்து வந்த நாட்டியக்காரி, அவள் பேசுவது தமிழ். கேரளப் பார்வையாளருக்கு அந்தத் தமிழ்தான் அச்சம் தரும் அந்நியக் குரல். அதே தமிழை வைத்துத் தமிழில் எடுத்திருந்தால் அந்த அச்சம் போயிருக்கும். இயக்குநர் பி. வாசு 2005-இல் அவளைத் தெலுங்கு பேசுபவளாக மாற்றினார். வடிவம் மாறியது, உள்ளே இருந்த அச்சம் அப்படியே நின்றது. சென்னை சாந்தி திரையரங்கில் 890 நாட்கள் ஓடியது.

‘கில்லி’யும் அப்படித்தான். 2003-இல் வந்த தெலுங்குப் படமான ‘ஒக்கடு’ ஹைதராபாத்துக்கும் கர்னூலுக்கும் இடையில் நடப்பது. கர்னூல் என்றால் தெலுங்கு ரசிகனுக்கு உடனே நினைவுக்கு வருவது ஊர்ப்பகை. தமிழில் அந்த இடத்தில் மதுரையை வைத்தார் இயக்குநர் தரணி. சார்மினார் இருந்த இடத்தில் சென்னைக் கலங்கரை விளக்கம் வந்தது. படம் பார்த்தவர்களுக்கு வேறு ஊர்க் கதை என்ற எண்ணமே வரவில்லை. ‘திரிஷ்யம்’ 2015-இல் ‘பாபநாசம்’ ஆனபோது நெல்லைப் பேச்சு அந்தக் குடும்பத்தை நம் குடும்பமாக ஆக்கியது.

கொங்குக் கதைகள் வெளியே போனதையும் பாருங்கள். கொங்குப் பஞ்சாயத்தை மையமாகக் கொண்ட ‘நாட்டாமை’ 1994-இல் வந்தது, மறு ஆண்டே தெலுங்கில் ‘பெத்தராயுடு’ ஆகிப் பெரும் வெற்றி பெற்றது. ‘சின்னக் கவுண்டர்’ அங்கே ‘சின்னராயுடு’ ஆனது. கோபி அருகே வெள்ளாங்கோயிலில் பிறந்த பாக்யராஜின் ‘முந்தானை முடிச்சு’ தெலுங்கு, இந்தி, கன்னடம் மூன்றிலும் எடுக்கப்பட்டது. ஊர்ப்பெரியவரின் சொல், கூட்டுக்குடும்பத்தின் கௌரவம், பெண்ணின் பிடிவாதம் ஆகியவை ஆந்திரத்திலும் இருக்கின்றன. வேட்டி கட்டும் விதத்தை மாற்றினால் போதும், மனிதர்கள் அவர்களே.

வெற்றிப் படங்களைத்தான் ரீமேக் செய்ய வேண்டுமா?

தோற்ற படங்களைத்தான் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் எங்கள் கோவைக்காரர். 1967-இல் யானையை வைத்து ‘தெய்வச்செயல்’ எடுத்தார், ஓடவில்லை. வேறொருவராக இருந்தால் அந்தக் கதையைப் பரணில் போட்டிருப்பார். தேவர் அதையே திருத்தி, ராஜேஷ் கன்னாவை வைத்து 1971-இல் ‘ஹாத்தி மேரே சாத்தி’ என்று இந்தியில் எடுத்தார். அது மாபெரும் வெற்றி. பிறகு அதையே மறு ஆண்டு எம்.ஜி.ஆரை வைத்து ‘நல்ல நேரம்’ என்று தமிழுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார், இங்கும் ஓடியது.

வெற்றிப் படத்தைத் தொட்டால் ரசிகன் காட்சிக்குக் காட்சி ஒப்பிடுவான். தோற்ற படத்தில் நல்ல கரு இருந்து, திரைக்கதை கெடுத்திருந்தால், அங்கே திருத்துவதற்கு இடம் இருக்கிறது. தேவருக்குத் தெரிந்த இந்த வணிகம் இன்றைய பெரிய நிறுவனங்களுக்குப் பிடிபடவில்லையே என்று வருத்தப்படுகிறேன்.

தமிழில் வென்ற படங்கள் அண்மையில் இந்தியில் ஏன் எடுபடவில்லை?

மூலத்தை எல்லாரும் முன்பே பார்த்துவிட்டார்கள். ‘விக்ரம் வேதா’வை அதே புஷ்கர்-காயத்ரி 2022-இல் இந்தியில் எடுத்தார்கள், எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. ‘கைதி’ 2023-இல் ‘போலா’ ஆனது. கிணத்துக்கடவுக்காரரான லோகேஷ் கனகராஜின் மூலத்தில் பாட்டு இல்லை, நாயகி இல்லை, ஒரே இரவு. அந்தச் சிக்கனம்தான் படத்தின் உயிர். ரீமேக்கில் பிரம்மாண்டம் கூடியது, அந்த இறுக்கம் போயிற்று. மலைக்கள்ளன் காலத்தில் தமிழ்ப் படத்தை இந்திக்காரர் பார்க்க வழியே இல்லை. இன்று டப்பிங்கில், சப்டைட்டிலில், கைப்பேசியில் பார்த்து முடித்துவிடுகிறார்கள். இனி ரீமேக் செய்பவர் மூலத்தைப் பார்த்தவனும் உட்கார்ந்து பார்க்கும்படி ஏதாவது புதிதாகக் கொடுத்தாக வேண்டும்.

ரீமேக் காலமே முடிந்துவிட்டதா?

நேரடியாகப் பார்க்கும் வழக்கம் அதன் இடத்தைப் பிடித்து வருகிறது. 2024 பிப்ரவரியில் வந்த ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ தமிழ்நாட்டில் மலையாளத்திலேயே ஓடியது. கோவையில் இது பெரிய அதிசயம் இல்லை, இங்கே மலையாளப் படத்துக்கு எப்போதும் ஒரு காட்சியாவது உண்டு. ஆனால் மலையாளம் அறியாதவர்கள் அத்தனை பேர் வந்தது புதிது. இருந்தாலும் ரீமேக் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சப்டைட்டில் படிக்க முடியாத என் அம்மா வயதுப் பெண்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நல்ல கதை போய்ச் சேர வேண்டும்.

நான்கு வாரத்தில் ஓடிடியில் வந்துவிடுகிறதே, திரையரங்குக்கு ஏன் போக வேண்டும்?

பெரும்பாலான தமிழ்ப் படங்களுக்கு நான்கு வார இடைவெளிதான். இந்திப் பகுதியின் பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் எட்டு வாரம் கேட்கின்றன. அதனால் ‘லியோ’ போன்ற பெரிய படத்தின் இந்தி வடிவமே அந்த அரங்குகளில் வெளியாகவில்லை. ஓடிடி தரும் தொகைக்காக வடக்கின் திரையை விட்டுக்கொடுப்பது குறுகிய கணக்கு. இங்கேயும் ‘இன்னும் மூன்று வாரம், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சு ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிறது. எட்டு வாரம் ஆக்கினால் நடுத்தரப் படங்கள்தான் முதலில் பிழைக்கும்.

முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனத்தைத் தடை செய்யலாமா?

கூடாது. 2024 இறுதியில் தயாரிப்பாளர்கள் தரப்பு இதைக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது, நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. அதுதான் சரி. ‘லப்பர் பந்து’, ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ போன்ற படங்களைத் தூக்கி நிறுத்தியதே பார்த்தவர்கள் சொன்ன சொல்தான். அந்த வாயை மூன்று நாள் அடைத்திருந்தால் நான்காவது நாள் அவற்றுக்குத் திரை இருந்திருக்காது. படம் பார்க்காமலேயே திட்டுபவர்கள் இருக்கிறார்கள், உண்மை. அவர்களைக் கூட்டம் சீக்கிரமே அடையாளம் கண்டுகொள்கிறது.

வெளிவருவதற்கு முன்பே ஒரு படம் ஓடுமா என்று எப்படிக் கணிக்கிறீர்கள்?

டிரைலரை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. படத்தின் நீளத்தைப் பார்ப்பேன். மூன்று மணி நேரத்தைத் தொட்டால் ஒரு நாளில் காட்சி குறையும், இரவுக் காட்சி முடிந்து கிராமத்துக்குத் திரும்பக் கடைசி பஸ்ஸும் இருக்காது. அடுத்து, சான்றிதழ். 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான படம் என்றால் குடும்பக் கூட்டத்தை மறந்துவிட வேண்டும். மூன்றாவதாக, ஏரியா உரிமையை எவ்வளவுக்கு விற்றிருக்கிறார்கள் என்ற பேச்சு. அதிக விலைக்கு விற்ற படம் நன்றாக ஓடியும் நஷ்டப் படம் ஆகிவிடும், குறைந்த விலைக்கு விற்றது சுமாராக ஓடியும் லாபம் தரும்.

கொங்கு நாட்டிலிருந்து ஒரு கதையை இப்போது மறுபடி எடுக்கலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

‘மலைக்கள்ளன்’ படத்தைத்தான். பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுப்பவன், ஒரே ஆள் பல வேடம், அவனைப் பிடிக்க முடியாமல் திணறும் காவல்துறை: இதில் எது பழசாகிவிட்டது? ஆனால் நட்சத்திரத்துக்காக நாலு சண்டையைக் கூட்டாமல், நாமக்கல் கவிஞரின் நாவலைத் திரும்பப் படித்து அங்கிருந்து தொடங்க வேண்டும். கொல்லிமலையிலும் ஆனைமலை அடிவாரத்திலும் படம்பிடிக்க வேண்டும். பேச்சு கொங்குப் பேச்சாக இருக்க வேண்டும், அதுவும் சிரிப்புக்காக அல்லாமல் நாயகனின் வாயிலிருந்தே வர வேண்டும். அப்படி ஒரு படம் வந்தால் முதல் வாரம் முடிந்து, இரண்டாவது திங்கட்கிழமையும் குடும்பத்தோடு டிக்கெட் எடுக்க நான் தயார்.